என்னை ஏசட்டும், வாரேன்

எங்கள் கடையில் யாரையும் முகத்துக்கு நேரே பாராட்ட மாட்டார்கள். பாராட்டினால் அன்றோடு அந்த ஆளுக்கு வேலை முடிந்தது என்று பொருள். இதை எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் பட்டுச் சேலைப் பிரிவில் நிற்கிறவளிலிருந்து வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கிறவர் வரை எல்லாருக்கும் தெரியும்.

சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் மாடிக்கு சூப்பர்வைசராக இருக்கிறேன். கடையை முன்பு நடத்தியவர் பெரிய முதலாளி. யாரையாவது நிறுத்த வேண்டும் என்றால் ‘நாளையிலிருந்து வராதே’ என்று அவருக்குச் சொல்ல வராது. சாயங்காலம் கல்லாப் பக்கம் கூப்பிடுவார். “நல்லா வேல பாத்த மக்கா. உன்ன மாதிரி ஒரு ஆளு கெடைக்காது” என்பார். ஒரு சேலையையோ வேட்டியையோ பையில் போட்டுக் கையில் கொடுப்பார். வாங்கிக்கொண்டு போனவர் மறுநாள் வர மாட்டார். மற்ற நாளெல்லாம் ஏச்சுதான். “கூறுகெட்ட மூதி, சேலையப் பிரிச்சியே, மடிக்கது யாரு, ஒங்க அம்மையா வருவா?” என்று மாடி வரைக்கும் கேட்கும். ஏச்சு வாங்கியவள் நிம்மதியாகச் சாப்பிடப் போவாள். நாளைக்கும் வேலை இருக்கிறது அல்லவா?

என்றைக்காவது அவர் யாரையாவது பார்த்துத் தெரியாமல் சிரித்துவிட்டால் போதும். “ஏட்டி, மொதலாளி ஒன்னப் பாத்துச் சிரிச்சாரு. வேற கடையில சொல்லி வைக்கட்டா?” என்று அவளைப் பிடித்துக்கொள்வோம்.

நான் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு வந்தவள். கூச்ச சுபாவம். நாலு பேர் பார்க்கிற இடத்தில் வாயைத் திறக்க மாட்டேன். என்னை எதற்கு சூப்பர்வைசராகப் போட்டார்கள் என்று எனக்கே புரிந்ததில்லை. யாராவது சேலையைச் சரியாக மடிக்காவிட்டால் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் போய் நின்று நானே மடிப்பேன். அவள் “குடுக்கா” என்று வாங்கிக்கொள்வாள். இப்படியே மாடி ஓடிக்கொண்டிருந்தது.

பெரிய முதலாளிக்கு உடம்புக்கு முடியாமல் போய் வீட்டோடு ஆனார். அவருடைய மகன் கடைக்கு வந்தார். சின்ன முதலாளி வெளியூரில் படித்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எல்லாரையும் அக்கா, அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். அப்பா ஏசியதை நினைத்து அவருக்கு வெட்கம் என்று நினைக்கிறேன். கடையைப் புதிதாக்குகிறேன் என்று ஏசி போட்டார், கண்ணாடி போட்டார், பெரிய போன் மாதிரி கையில் வைத்துத் தட்டுகிற டேப் வாங்கிக் கொடுத்தார். பிறகு சென்னையிலிருந்து ஒரு கோச்சைக் கூட்டி வந்தார்.

கோச் என்றால் கபடிக்கும் ஓட்டப்பந்தயத்துக்கும்தான் என்று நினைத்திருந்தோம். இவர் முதலாளிகளுக்கும் மேனேஜர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறவராம். பெரிய பெரிய கம்பெனி ஆட்களுக்கு எல்லாம் கொடுத்தவராம். முதலில் சின்ன முதலாளிக்கு மட்டும் என்றார்கள். பிறகு சூப்பர்வைசர்களுக்கும் உண்டு என்றார்கள். கூட்டமாகச் சில நாள், தனித்தனியாகச் சில நாள். தனியாக என்றால் குடோனில் பெட்டிகளுக்கு நடுவே லேப்டாப்பை வைத்து அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

முதல் நாள் அவர் என்னிடம் சொன்னது: “நீங்க பேசறதே இல்லைன்னு சொல்றாங்க. உங்களுக்குள்ள ஒரு லீடர் இருக்காங்க. அவங்களை வெளியே கொண்டு வரணும்.” எனக்குள்ளே அப்படி யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தாலும் அவர் கேள்வி கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் வரை பொறுமையாக இருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. அதுவரை யாரும் எனக்காக அப்படிக் காத்திருந்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் சொல்லிக் கொடுத்த பாடங்களில் முக்கியமானது குறை சொல்லும் முறை. அதற்கு ஃபீட்பேக் என்று பெயர். வேலை செய்கிறவரிடம் குறையை நேராகச் சொல்லக் கூடாது. முதலில் ஒரு பாராட்டு. நடுவில் குறை. கடைசியில் மறுபடி ஒரு பாராட்டு. ரொட்டிக்கு நடுவில் வைத்துக் கொடுக்கிற மாதிரி. ஏசுவது பழைய காலம், ஏசினால் வேலை செய்கிறவர் மனம் சுருங்கிவிடும் என்றார். சின்ன முதலாளி தலையைத் தலையை ஆட்டினார்.

எனக்குப் பகீரென்றது. அடுத்து வந்த தனிப் பேச்சில், என்னால் முடிந்த அளவு தைரியத்தைக் கூட்டிச் சொன்னேன். “சார், எங்க கடையில பாராட்டுனா வேலைய விட்டு நிறுத்துதாங்கன்னு அர்த்தம். பெரிய மொதலாளி அப்படித்தான் அனுப்புவாரு. இந்த முறை இங்கன வேண்டாம் சார். வேணும்னா எல்லாரையும் கூப்பிட்டு, இனிமே பாராட்டுனா பாராட்டுதான்னு மொதல்ல சொல்லிருங்க.”

என் வாழ்க்கையில் ஒரு படித்த ஆளிடம் இவ்வளவு நீளமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் சிரித்தார். “இதைத்தான் நாங்க மனத்தடைன்னு சொல்றோம். யாரையும் பாராட்ட உங்களுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு நீங்களே ஒரு காரணம் கட்டி வச்சிருக்கீங்க. இதை உடைக்கலாம்” என்றார்.

பேசு பேசு என்று தூண்டிவிட்டு, பேசியதும் அது உன் மனசில் இருக்கிற கோளாறு என்று சொல்கிறவரை என்ன செய்வது? நான் சொன்னது என்னைப் பற்றி இல்லை, கடையைப் பற்றி. கடையைப் பற்றிச் சொன்னதை என்னைப் பற்றியதாக மாற்றிவிட்டார். நான் “சரி சார்” என்றேன். லேப்டாப்பைப் படாரென்று மூடிவிட்டு வந்தேன்.

சில நாள் கழித்து கோச் நேரில் வந்தார். படித்ததை வேலையில் செய்து காட்டும் நாள் என்றார். சின்ன முதலாளியே முதலில் செய்வதாகச் சொன்னார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது என் கூட்டாளியை.

பட்டுப் பிரிவில் நிற்கிறவள் அவள். நானும் அவளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் சேர்ந்தவர்கள். மேலநீலிதநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். புருஷனுக்கு லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது. வீடு அவள் சம்பளத்தில்தான் நடக்கிறது. எனக்கு நேர்மாறாக, வாய் ஓயாது. கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வருகிறவர்கள் மாடிப்படி ஏறும்போதே அவளைக் கேட்டுக்கொண்டு வருவார்கள். அவளிடம் இருந்த ஒரே குறை, வாடிக்கையாளர் போன் நம்பரை டேப்பில் ஏற்ற மாட்டாள். “சேல எடுக்க வந்தவகிட்ட நம்பர் கேட்டா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரில்லா இருக்கு” என்பாள்.

அந்தக் குறையைச் சொல்லத்தான் சின்ன முதலாளி வந்தார். பக்கத்தில் கோச், கையில் பேனாவுடன். நான் அடுத்த மேஜைக்குப் பின்னால் நின்றேன்.

“அக்கா, நீங்க இந்தக் கடைக்கு எவ்வளவு செஞ்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். உங்கள மாதிரி ஒரு ஆளு கிடைக்கிறது கஷ்டம்” என்று ஆரம்பித்தார்.

அவள் கையில் பாதி மடித்த சேலை இருந்தது. மடிப்பது நின்றது.

“டேப்ல நம்பர் மட்டும் ஏத்துனீங்கன்னா நல்லாருக்கும்.”

அவளுக்கு அது காதில் விழவில்லை. அவள் முகத்தைப் பார்த்த எனக்குத் தெரியும்.

“மத்தபடி உங்க உழைப்ப நாங்க என்னைக்கும் மறக்க மாட்டோம்க்கா” என்று முடித்தார். கோச் தலையசைத்துப் பேனாவால் ஏதோ குறித்துக்கொண்டார்.

அவள் சேலையை மிச்சமும் மடித்து அடுக்கில் வைத்தாள். “சரி மொதலாளி” என்றாள். உள்ளே போய்ச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்தாள். கழுத்திலிருந்த பெயர் அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன்.

“ஏட்டி, அது அது இல்லட்டி. பாடம் படிக்காரு. நீ நில்லு.”

“நீ சும்மா கெட. நானும் இந்தக் கடையிலதான நிக்கேன், எனக்குத் தெரியாதா? ‘நீதான் கடைக்குத் தூணு’ங்கலயே தவிர மத்தது எல்லாம் சொல்லிட்டாரு. அவங்க அய்யாவாவது ஒரு சேல குடுப்பாரு” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் சின்ன முதலாளிக்காவது புரிந்திருக்கும்.

நான் அவரிடம் ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் குழம்பிப்போய் கோச்சைப் பார்த்தார். கோச் சொன்னார்: “ஃபீட்பேக் வாங்கத் தெரியாதவங்க தானா வெளியே போவாங்க. மாற்றம் நடக்கும்போது இது சகஜம். பின்னாடி ஓடாதீங்க. அவங்களுக்கு டைம் குடுங்க.”

அவளுக்கு டைம் கொடுத்தார்களாம். வீட்டில் அடுப்பு எரிய வேண்டியவளுக்கு டைம்.

என் விடுமுறை நாளில் மேலநீலிதநல்லூர் போனேன். ஒரு வீட்டு முற்றத்தில் நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து கூலிக்கு மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நாளெல்லாம் பட்டுச் சேலையைத் தொட்டுப் பழகிய விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும், “வாங்க சூப்பர்வைசர் அம்மா, ஒங்களையும் பாராட்டிட்டாங்களா?” என்றாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கோச் கதையை முழுக்கச் சொன்னேன். பாராட்டு, குறை, பாராட்டு. கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“நீ சொல்லுதது நெசமாவே இருக்கட்டும். நானா எப்படி வர முடியும்? போன்னு சொன்ன எடத்துல போயி நின்னா, வெக்கங்கெட்டவன்னுல்லா சொல்லுவாங்க. அவரு என்னை ஏசட்டும், வாரேன். போன்லயாவது ரெண்டு வார்த்தை ஏசச் சொல்லு. மறுநாள் மொத பஸ்ஸுக்கு வாரேன்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அவ்வளவு நாள் அந்தக் கடையில் நின்றவர்களுக்குத்தான் அது நியாயமாகப் படும்.

மறுநாள் சின்ன முதலாளியிடம், “ரெண்டு வார்த்தை ஏசிருங்க. வந்திருவா” என்றேன். அவர் முகம் சுருங்கியது. “நான் யாரையும் ஏச மாட்டேன்க்கா. எங்க அப்பா மாதிரி இருக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவும் பண்றேன்” என்றார். யோசித்துவிட்டு, அவரே அவளுக்கு வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்பினார். அன்று மதியமே அவள் என்னைப் போனில் கூப்பிட்டு அதைப் போட்டுக் காட்டினாள். “நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர்க்கா. உங்க பங்களிப்புக்கு ரொம்ப நன்றி. உங்க முடிவு எதுவா இருந்தாலும் மதிக்கிறோம்.”

“பாத்தியா? மொத தடவ அனுப்புனது போதாதுன்னு ரெண்டாவது தடவையும் வழியனுப்புதாரு” என்றாள்.

நான் போனை வைத்துவிட்டுக் குடோனில் போய் உட்கார்ந்தேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. ஒருவர் நல்ல வார்த்தையைக் கத்தியாக வைத்திருந்தார். அவருடைய மகன் அது தெரியாமல் எடுத்து எல்லாருக்கும் நீட்டுகிறார். பக்கத்தில் ஒருவர் நின்று, பிடி சரியாக இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார். குத்து வாங்கியது இவள்.

கடைசி வகுப்பு மேல் தளத்தில், தகரக் கொட்டகையில் நடந்தது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் என்ன கற்றுக்கொண்டோம் என்று சொல்ல வேண்டும். பொறுமை, புன்னகை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். என் முறை வந்ததும் கோச் சொன்னார்: “அக்காவுக்கு ஒரு ஸ்பெஷல். நான்தான் இப்ப உங்க மாடியில வேலை செய்ற ஆளு. சொன்ன பேச்சைக் கேக்கவே மாட்டேன். எனக்கு நீங்க ஃபீட்பேக் குடுங்க. சார்னு நினைக்காதீங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கோச் எனக்கு எதிரே கையைக் கட்டி, வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அந்த நடிப்பைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது.

“ஏ மூதி!” என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். “அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா? இங்கன பாராட்டாத, பாராட்டுனா போயிருவான்னு சொன்னேம்லா? கேட்டியா? எனக்குக் கோளாறுன்ன. இப்ப அவ மொளகாக் காம்பு கிள்ளுதா. கை வீங்கிக் கெடக்கு. நீ நோட்டுல டிக் அடிச்சிட்டு ரயில் ஏறிருவ. கூறுகெட்ட சவம், சொன்னாக் கேக்கத் தெரியாத ஒனக்கு, ஊருக்குக் கேக்கச் சொல்லிக் குடுக்க என்னல தெரியும்?”

கோச் கைதட்டினார். உண்மையாகவே தட்டினார். “பியூட்டிஃபுல்! இதுதான் பிரேக்த்ரூ! மனத்தடை உடைஞ்சிருச்சு! எல்லாரும் பாத்தீங்களா? இந்த எனர்ஜியத்தான் நான் தேடிட்டு இருந்தேன்!” என்றார். அவர் தட்டியதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள்.

நான் திட்டியதையும் அவர் தன் பாடத்தில் சேர்த்துக்கொண்டார். அந்த நிமிஷம் எனக்கு இருந்த ஆத்திரத்தை எழுத எனக்குத் தெரிந்த சொற்கள் போதாது. கைதட்டு ஓயும் வரை நின்றேன். பிறகு சின்ன முதலாளி பக்கம் திரும்பினேன்.

“எனக்குக் கைதட்டு வேண்டாம். அவ வரலாமா, வரக் கூடாதா? அத மட்டும் இங்கன வச்சே சொல்லுங்க.”

அவர் எழுந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது. “இப்ப என்னை என்னதான் செய்யச் சொல்லுதீங்க? போன்னு நான் சொன்னேனா? தானா போயிட்டு, ஏசுனாத்தான் வருவேன்னு என்னைப் போட்டு வதைக்கா! கிறுக்கச்சி! வந்து தொலையச் சொல்லுங்க!” அதுவரை கேட்காத நம்ம ஊர்ப் பேச்சு அவர் வாயிலிருந்து வந்தது.

நான் அதற்குள் அவளுக்குப் போன் போட்டிருந்தேன். அவருக்கு முன்னால் நீட்டினேன். “அதையே இதுலயும் சொல்லுங்க.”

கோச், “டோன், டோன்” என்று குரலைத் தணிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். போனில் அவள் குரல், “யாரு?” என்றது.

“யாரா? நாளைக்குக் கட தொறக்கையில நீ மாடியில நிக்கல, அப்புறம் இந்தப் பக்கமே வரக் கூடாது பாத்துக்கோ! கூறுகெட்ட மூதி!” என்று கத்தினார்.

“வாரேன் மொதலாளி” என்றாள். போன் வைக்கிற சத்தம் கேட்டது.

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. படியிறங்கி வருவதற்குள் அந்தச் சந்தோஷம் கசந்துபோனது. இவ்வளவு கூத்துக்கும் பிறகு நான் அவளுக்கு வாங்கிக் கொடுத்தது ஓர் ஏச்சு. அதற்குப் போய் மனம் குளிர்கிற மாதிரி எங்களை யார் ஆக்கினார்கள்? கோச் இல்லை. அவர் நேற்று வந்தவர். பெரிய முதலாளி அதட்டியதை எல்லாம் பாசம் என்று நாங்களே பேசிப் பேசி வைத்திருந்தோம். ஒரு நல்ல வார்த்தையை நல்ல வார்த்தையாகக் கேட்கக்கூட அந்த மனிதர் எங்களுக்கு இடம் வைக்கவில்லை. நோயாளியைப் பற்றி இப்படி எழுதக் கூடாதுதான். எழுதுகிறேன்.

அவள் சொன்னபடியே முதல் பஸ்ஸில் வந்தாள். ஆனால் மாடிக்கு வரவிடவில்லை. திரும்பி வருகிறவரைப் புதிதாகச் சேர்ந்தவராகத்தான் எடுக்க வேண்டும், அப்போதுதான் மற்றவர்களுக்கு ஒழுங்கு வரும் என்று கோச் சொல்லிவிட்டுப் போனாராம். கீழே துண்டு, போர்வை விற்கிற இடத்தில் நிறுத்தினார்கள். கழுத்தில் புது அட்டை. அதில் பெயருக்குக் கீழே ‘பயிற்சி’ என்று இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். “விடுட்டி சவத்த. நிக்க எடம் இருக்குல்லா” என்றாள்.

“நீயும் அப்படிச் சொல்லாத. பட்டு அடுக்குல ஒன் கை படாத கட்டு உண்டா? கலியாண வீட்டுக்காரங்க ஒன் பேரத்தான கேட்டுட்டு வாராங்க?”

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னை முறைத்தாள். “எதுக்கு இப்ப இதெல்லாம் சொல்லுத? பேசாமச் சாப்பிடு” என்றாள். எனக்கு அவள் மேலேயும் கோபம் வந்தது. அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

எங்கள் ஊர்க் கோவிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம் கடையில் கால் வைக்க இடமில்லை. மாடிக்கு வருகிறவர்கள் எல்லாம் அவளைக் கேட்டார்கள். நான் கீழே ஆள் அனுப்ப, அவள் மேலே ஏறி வந்து பட்டைப் பிரித்துக் காட்டுவாள். கீழே துண்டுக்கு ஆள் வந்தால் அங்கிருந்து கூப்பிடுவார்கள். இறங்குவாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறியும் இறங்கியும் இரண்டு பேர் வேலையைப் பார்த்தாள். ஒரு நாள் அவள் படியில் பாதியில் நின்று கம்பியைப் பிடித்து மூச்சு வாங்குவதைப் பார்த்தேன். கீழிருந்து அவளை அதட்டிக் கூப்பிடும் குரலும் கேட்டது.

நேரே கல்லாவுக்குப் போனேன். சுற்றிலும் கூட்டம். சின்ன முதலாளி பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ இனிமே கீழ வர மாட்டா. மேலதான் நிப்பா” என்றேன்.

“கோச்சுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்க்கா” என்றார்.

“கேளுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். படியில் நின்றவளின் கையைப் பிடித்து மேலே கூட்டிப் போனேன். கீழிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். போகாதே என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், அடுக்கைப் பார்த்தாள், ஒரு கட்டை இழுத்துப் பிரித்தாள்.

அவர் கோச்சிடம் கேட்டாரா, கோச் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நானும் போய்க் கேட்கவில்லை. அவள் கழுத்து அட்டையில் இன்னும் ‘பயிற்சி’ என்றுதான் இருக்கிறது. அதை மாற்றித் தரும்வரை என் கோபம் தீரப் போவதில்லை. மாடியை விட்டு அவள் இறங்கப் போவதும் இல்லை.